அம்மியைவிட லேசான படகு

எனக்கு நீச்சல் தெரியாது. படகு விற்றவர்கள் யாரும் இதைக் கேட்கவில்லை என்பதால் உங்களிடம் நானாகவே சொல்லிவிடுகிறேன். அட்ரஸ் கேட்டார்கள், பின்கோடு கேட்டார்கள், ஈஎம்ஐ போட்டுக்கொள்கிறீர்களா என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள். தண்ணீரில் விழுந்தால் என்ன செய்வீர்கள் என்ற கேள்வி அவர்களுடைய ஃபார்மில் இல்லை. அதற்கான பதில் என்னிடமும் இல்லை.

படகு ஆசை எப்படி வரும் என்று தூண்டில் போடுகிறவர்களுக்குத் தெரியும். கரையில் உட்கார்ந்திருப்பவனுக்கு மீனெல்லாம் நடு ஏரியில் இருப்பதாகத் தோன்றும். நடு ஏரியில் மிதப்பவரோ, கோரைப்புல் ஓரத்தில்தான் மீன் நிற்கும் என்று கரைப் பக்கமாக வீசிக்கொண்டிருப்பார். அவர் ஏன் என்னைப் பார்த்து வீசுகிறார் என்று ஒரு நிமிடம் யோசித்திருந்தால் நிறையப் பணம் மிஞ்சியிருக்கும். என் கண்ணில் பட்டது அவருடைய படகு மட்டும்தான்.

இருப்பது சேலத்தில், இரண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது. கார் சின்னது. அதன் டிக்கியில் ஸ்டெப்னி, ஜாக்கி, எக்ஸ்சேஞ்சுக்குப் போடச் சொல்லி மனைவி எப்போதோ கொடுத்து நான் மறந்துபோன மிக்ஸி. ஆகவே என் கண்டிஷன்கள் இவை: படகு லேசாக இருக்க வேண்டும், சின்னதாக இருக்க வேண்டும், மடிக்க முடிந்தால் உத்தமம். கவனித்தீர்களா, இதில் தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நான் படகு தேடியது ஏரிக்கு இல்லை, மாடிப்படிக்கு.

"லேசா இருந்தா போதுமாங்க? அதுல நீங்க ஏறணுமே?" என்றாள் மனைவி. பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு வேலையைச் செய்வதற்குப் பதில் அதைப் பற்றிப் படிப்பது எனக்குக் கைவந்த கலை. படித்ததில் மாட்டியவர் ஜார்ஜ் வாஷிங்டன் சியர்ஸ் என்ற அமெரிக்கர். நெஸ்மக் என்ற புனைபெயரில் பத்திரிகைகளில் எழுதியவர். நியூயார்க் மாநிலத்தில் அடிரான்டாக் என்ற மலைப்பகுதி, எங்கு பார்த்தாலும் ஏரி. ஓர் ஏரி முடிந்தால் படகைத் தோளில் போட்டுக்கொண்டு அடுத்த ஏரிக்கு நடக்க வேண்டும். இவரோ உடம்புக்கு முடியாத மனிதர். கேன்டன் என்ற ஊரில் ரஷ்டன் என்று ஒரு படகு ஆசாரி இருந்தார். அவரிடம் சொல்லிச் சொல்லி, ஒன்றைவிட ஒன்று லேசாகப் படகுகள் செய்து வாங்கினார். 1883இல் இவர் எடுத்துப்போனது ஒன்பது அடி நீளம், பத்தரை பவுண்டு எடை. ஐந்து கிலோகூட வராது. அதில் 266 மைல் சுற்றிவிட்டு வந்தார். அந்தப் படகு இன்றைக்கும் மியூசியத்தில் பத்திரமாக இருக்கிறது.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஐந்து கிலோ! எங்கள் வீட்டுக்கு வரும் அரிசி சிப்பமே இருபத்தைந்து கிலோ, அதை இரண்டு மாடி தூக்கிக்கொண்டு வருகிறோமே. (தூக்குவது கடைப் பையன். நான் கதவைத் திறந்து பிடித்துக்கொள்வேன்.) நெஸ்மக்கின் எடை சுமார் ஐம்பது கிலோ என்ற வரியும் அதே இடத்தில்தான் இருந்தது. அதை நான் கொஞ்சம் வேகமாகத் தாண்டிவிட்டேன்.

அதே அடிரான்டாக்கில் 1944இல் இன்னொரு சம்பவம். க்ரம்மன் என்ற போர் விமான நிறுவனத்தின் அதிகாரி ஒருவர் விடுமுறையில் மரமும் கித்தானும் சேர்த்துச் செய்த கனோ ஒன்றைத் தூக்கிக்கொண்டு நடந்து தோள் கடுத்துப்போனார். விமானம் செய்கிற அலுமினியத் தகட்டிலேயே படகு செய்தால் என்ன என்று அப்போதுதான் தோன்றியதாம். போர் முடிந்ததும் அந்த நிறுவனம் அலுமினியக் கனோக்களைச் செய்து தள்ளியது. ஒருவருக்குத் தோள் வலித்தால் ஒரு தொழிலே பிறக்கிறது. எனக்குத் தோள் வலித்தபோது ஒரு டப்பா தைலம் தீர்ந்தது.

கணக்கும் போட்டேன். ஒரு கிலோவைத் தாங்க ஒரு லிட்டர் தண்ணீரை விலக்க வேண்டும், அவ்வளவுதானே ஆர்க்கிமிடீஸ்? படகு பத்து கிலோ, தூண்டில் சாமான் ஐந்து கிலோ, சாப்பாடு இரண்டு கிலோ, பிடிக்கப்போகும் மீன் பதினைந்து கிலோ என்று நோட்டில் வரிசையாக எழுதிக் கூட்டினேன். நான் எவ்வளவு என்ற வரிக்குக் கல்யாணத்தின்போது இருந்த எடையைப் போட்டேன். மீனின் எடையும் ஏறக்குறைய அதே அளவுக்கு உண்மை.

முதலில் வந்தது காற்றடைக்கிற படகு. பிவிசி ரகம், பையில் மடித்துப் போட்டால் ஒரு கையில் தூக்கலாம். இரண்டாவது மாடிக்கு நானே விசில் அடித்துக்கொண்டு ஏற்றினேன். 'இருவர் செல்லலாம்' என்று பெட்டியில் போட்டிருந்தது. பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரத் தம்பதி படம். கச்சலான இரண்டு பேர். அவர்களிருவரையும் சேர்த்து நிறுத்தினாலும் என் பக்கம் தராசு தாழும் என்பது அப்போது தோன்றவில்லை, படத்தில் தண்ணீர் நீலமாக இருந்தது.

ஊருக்கு வெளியே ஓர் ஏரி. விடியற்காலை. கால் பம்ப்பால் மிதித்து மிதித்துக் காற்றடைத்தேன். மூன்று அறைகள் தனித்தனியாக நிரம்ப வேண்டும். ஓர் அறை ஓட்டையானாலும் மற்ற இரண்டும் காப்பாற்றும் என்பது தத்துவம். மிதித்து முடித்தபோது படகு புஷ்டியாக இருந்தது, நான் காற்றுப்போய் உட்கார்ந்திருந்தேன். மாடு மேய்க்க வந்த பையன் ஒருவன் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, "இதுக்கு பஞ்சர் கடையில குடுத்திருந்தா ரெண்டு நிமிசத்துல அடிச்சிருப்பாங்களே சார்" என்றான்.

பஞ்சர் என்ற சொல் அவன் வாயில் வந்த நேரம். நம் ஏரிக்கரைகளில் தண்ணீர் இருக்கிறதோ இல்லையோ, சீமைக்கருவேலம் இருக்கும். அந்த முள் டிராக்டர் டயரையே பார்த்துவிட்டு வந்தது. நான் படகைப் புல் மேல் இழுத்து, மண் மேல் இழுத்து, அலுங்காமல் தண்ணீரில் இறக்கியதாகத்தான் நினைத்தேன். பாதி தூரம் போனதும் இடது அறை மெதுவாகப் பெருமூச்சு விட ஆரம்பித்தது. ரிப்பேர் கிட் இருந்தது, இல்லாமலில்லை. வீட்டில், பெட்டியில்.

மற்ற இரண்டு அறைகளை நம்பித் தூண்டிலைப் போட்டேன். என்ன ஆச்சரியம், உடனே ஒரு ஜிலேபி மாட்டியது. ஆப்பிரிக்காவைச் சேர்ந்த இந்த மீன் 1952இல் நம் நாட்டுக்குக் கொண்டுவரப்பட்டு, இன்று கூப்பிடாத குளத்திலும் குடியிருக்கிறது. அதன் முதுகுத் துடுப்பில் வரிசையாக முள் என்பது பொரித்துத் தின்கிற எல்லோருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மடியில் துள்ளியது, படகில் துள்ளியது. காற்றடைத்த படகில் முள்ளுள்ள மீனைப் பிடித்துப் போடுவது என்ற திட்டத்தில் எங்கேயோ இடிக்கிறதே என்று அந்த நேரத்தில்தான் தோன்றியது.

துடுப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்தப் படகுக்கு அடிப்பாகம் தட்டை. நேராகப் பிடித்து நிறுத்த அடியில் கட்டை எதுவும் கிடையாது. வலது கை கொஞ்சம் பலமாகப் போட்டால் இடது பக்கம் திரும்பும். அதைச் சரிசெய்ய இடது கையைப் போட்டால் சரியாகாது, வலது பக்கம் திரும்பும். போதாக்குறைக்கு அது ஆடி மாதம். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்று சொல்லிவைத்த ஊரில், அம்மியைவிட லேசான படகைத் தேடித் தேடி வாங்கி ஆடியிலேயே இறக்கியவன் நான். படகு தண்ணீருக்குள் இறங்கினால்தான் தண்ணீர் அதைப் பிடித்துக்கொள்ளும். லேசான படகு மேலோடு மேலாக நிற்பதால் அதைக் காற்றுதான் ஓட்டும். எதிர்க்கரையில் கொண்டுபோய்ச் சேர்த்தது. கார் இந்தக் கரையில் இருந்தது. ஈரப் படகைத் தோளில் போட்டுக்கொண்டு ஷேர் ஆட்டோவுக்கு நின்றேன். டிரைவர் படகுக்கும் சேர்த்து இரண்டு டிக்கெட் காசு வாங்கினார்.

நங்கூரம் போட்டிருக்கலாமே என்பீர்கள். போட்டேன். நைலான் கயிற்றில் அரைச் செங்கல். அது காற்றை எதிர்த்து ஒன்றும் செய்யவில்லை, ஆனால் ஏற்றி இறக்கும்போதெல்லாம் படகின் ஓரத்தை நன்றாகத் தேய்த்துக் கொடுத்தது.

எதிர்க்கரையில் இன்னொன்றும் காத்திருந்தது. வேட்டியை மடித்துக் கட்டிய ஒரு பெரியவர். "யாருங்க நீங்க? யாரக் கேட்டு எறங்குனீங்க?" என்றார். நம் ஏரிகளில் மீன் சும்மா நீந்திக்கொண்டிருப்பதில்லை. மீன்பாசி குத்தகை என்று ஏலம் விடுவார்கள். எடுத்தவர் பணம் கட்டி, மீன் குஞ்சு வாங்கி விட்டு, வளரும்வரை ஆள் போட்டுக் காவல் காப்பார். அந்த ஏரியின் அத்தனை கட்லாவும் ரோகுவும் அவருடைய முதலீடு. படகின் எடை, நீளம், அகலம், வாரன்டி எல்லாம் விசாரித்த நான் ஏரி யாருடையது என்று விசாரிக்கவில்லை. மன்னிப்புக் கேட்டேன். அவர் என் படகையும் அதிலிருந்த ஒற்றை ஜிலேபியையும் பார்த்தார். "பரவால்ல, எடுத்துட்டுப் போங்க" என்றார். அவர் திட்டியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

அடுத்து கயாக். இதை வாங்கவில்லை, அந்தப் புண்ணியம் நண்பருக்கு. அவருக்கு ஒரு பண்ணைக்குட்டை உண்டு, அதில் விட ஒரு பிளாஸ்டிக் கயாக்கும் உண்டு. "ஓட்டிப் பாத்துட்டு அப்புறம் வாங்குடா" என்றார். எடை இருபத்தைந்து கிலோ இருக்கும். நீளம் பத்தடி. எங்கள் அபார்ட்மென்ட் படிக்கட்டின் லேண்டிங்கை டேப் பிடித்து அளந்தபோதே தெரிந்துவிட்டது, அது முதல் மாடித் திருப்பத்தில் மாட்டி நிரந்தரமாக அங்கேயே நிற்கும் என்று. இருந்தாலும் ஓட்டிப் பார்ப்பதில் என்ன தப்பு?

மேலே உட்கார்ந்து ஓட்டும் ரகம் அது. உட்காரும் இடத்தில் அடிவரை துளைகள் விட்டிருப்பார்கள். துடுப்பிலிருந்து தெறிக்கும் தண்ணீர் தானாக வடிந்துபோகத்தான் அந்தத் துளை. உட்காரும் தளம் வெளித்தண்ணீர் மட்டத்துக்கு மேலே இருக்கும்வரை இது அருமையான ஏற்பாடு. நான் உட்கார்ந்ததும் தளம் கீழே போனது, தண்ணீர் அந்தத் துளைகள் வழியாக மேலே வந்து நலம் விசாரித்தது. "அது டிரெயின் ஆயிடும், டிரெயின் ஆயிடும்" என்று நண்பர் கரையிலிருந்து கத்திக்கொண்டே இருந்தார். இடுப்பு நனைந்தபடி நானும் நம்பிக்கையோடு காத்திருந்தேன்.

அகலம் இரண்டரை அடி. இதில்தான் எல்லா சூட்சுமமும் இருக்கிறது. ஒடுங்கிய படகு வேகமாகப் போகும், நேராகப் போகும், ஆனால் அசைந்தால் ஆடும். அகன்ற படகு ஆடாது, அசையவும் அசையாது. மீன்பிடிக்கிறவனுக்கு அகலம்தான் முக்கியம். ஏனென்றால் அவன் ஒழுங்காக உட்கார மாட்டான், மீன் மாட்டினால் எழுந்துவிடுவான். எனக்கு மீன் மாட்டவில்லை. கால் மரத்துப்போனதால் எழுந்தேன்.

குட்டையின் ஆழம் அந்த இடத்தில் முழங்கால் அளவு. அது விழுந்து, கத்தி, நண்பர் வேட்டியோடு ஓடி வந்து, "எந்திரிடா, எந்திரிச்சு நில்லுடா" என்று மூன்று தடவை சொன்ன பிறகுதான் தெரிந்தது.

நடுவில் மோட்டார் யோசனையும் வந்தது. துடுப்புப் போடுவதுதானே பிரச்சினை? பேட்டரியில் ஓடும் சின்ன மோட்டார் கிடைக்கிறது. சத்தமில்லை, புகையில்லை, மோட்டார் நாலைந்து கிலோதான். அமைதியான ஏரிக்கு இதைவிட வேறென்ன வேண்டும் என்று வீட்டில் விளக்கிக்கொண்டிருந்தேன். "பேட்டரி?" என்றாள் மனைவி. இன்வெர்ட்டருக்குப் போடுகிற ஜாதிதான். ஒரு நாள் தாங்குகிற மாதிரி வாங்கினால் பேட்டரி மட்டும் இருபத்தைந்து முப்பது கிலோ. எங்கள் வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரியை நான் ஓர் அடி நகர்த்தப் பார்த்ததும், அடுத்த வாரம் முழுக்க ஆபீசில் சாய்ந்தே நடந்ததும் அவள் நினைவில் இருந்திருக்கிறது. அந்த யோசனை அங்கேயே அணைந்தது.

இவ்வளவுக்கும் பிறகு, ஒரு மணி நேர பஸ் தூரத்தில், சின்னதாக, லேசாக, மீன்பிடிப்பதற்கென்றே செய்யப்பட்ட ஒரு படகு காலங்காலமாக இருந்துகொண்டிருப்பது என் மண்டைக்கு எட்டியது. மேட்டூர் அணையில் பரிசல்காரர்கள் வலை விடுவதைச் சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன். ஒகேனக்கலில் சவாரியும் போயிருக்கிறேன். ஆனால் அது படகு என்றே தோன்றியதில்லை. இன்டர்நெட்டில் ஸ்டார் ரேட்டிங் இல்லாத பொருள் என் கண்ணுக்குத் தெரிவதில்லை.

பரிசலைப் பார்க்கப் பண்ணவாடிக்குப் போனேன். மேட்டூர் நீர்த்தேக்கத்தின் ஓரத்து ஊர். 1934இல் அணை கட்டி முடிந்தபோது தண்ணீருக்குள் போன பழைய கோயிலின் நந்தி அங்கே இருக்கிறது. அணையில் தண்ணீர் நன்றாக இறங்கினால் அது தலையைக் காட்டும், டிவிக்காரர்கள் வந்துவிடுவார்கள். அங்கே ஒரு பரிசல்கார அண்ணன். மீன்துறை லைசென்ஸ் வைத்து மீன்பிடிப்பவர். அவர் மூங்கில் பிளாச்சுகளைக் குறுக்கும் நெடுக்கும் முடைந்துகொண்டிருந்தார். முடைந்து முடித்ததும் வெளிப்பக்கம் பிளாஸ்டிக் சாக்கை இழுத்துக் கட்டித் தார் பூச வேண்டும். அந்தக் காலத்தில் தோல் போர்த்துவார்கள் என்றார். "எத்தனை கிலோண்ணா இருக்கும்?" என்று கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் பக்கத்தில் காய்ந்துகொண்டிருந்த ஒன்றைக் கவிழ்த்துத் தலைமேல் வைத்துக்கொண்டு நாலு எட்டு நடந்து காட்டினார். ரிவ்யூ என்றால் இதுதான் ரிவ்யூ என்று அங்கேயே பேரம் பேசாமல் ஒன்றை வாங்கினேன். பேரம் பேசியிருக்கலாம்.

படிக்கிற பழக்கம் சும்மா விடுமா? 1520 வாக்கில் விஜயநகரத்துக்கு வந்த போர்த்துக்கீசியர் தொமிங்கோ பயஸ் அங்கே ஆற்றைக் கடக்கும் படகுகளைப் பற்றி எழுதிவைத்திருக்கிறார். கூடை மாதிரி வட்டம், உள்ளே பிரம்பு, வெளியே தோல், பதினைந்து இருபது பேர் ஏறலாம். இவை நேராகப் போவதில்லை, எப்போதும் சுற்றிக்கொண்டே இருக்கின்றன என்றும் ஒழுங்காகக் குறித்திருக்கிறார். சென்னை மாகாண மீன்துறையின் இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் ஊர் திரும்பிய பிறகு உலகத்தின் பரிசல்களையெல்லாம் பற்றி எழுதினார். 1938இல் பிரிட்டிஷ் பரிசல்களைப் பற்றி அவர் புத்தகமே போட்டார். ஐந்நூறு வருஷமாக எச்சரிக்கை விட்டிருக்கிறார்கள். நான் படித்தது பரிசலை வாங்கிய பிறகு.

இவர்களுக்கெல்லாம் முன்னால் ஹெரோடோட்டஸ். பாபிலோனுக்கு ஆற்றோடு வரும் வட்டப் படகுகளைப் பற்றிச் சொல்கிறார். தோல் போர்த்திய படகு, அதில் சரக்கு, சரக்கோடு ஒரு கழுதை. ஊர் சேர்ந்ததும் சரக்கை விற்று, படகைப் பிரித்து, தோலைக் கழுதை மேல் ஏற்றித் தரைவழியே திரும்பிவிடுவார்களாம். என்ன அழகான ஏற்பாடு, நம்மிடம் இல்லாதது கழுதை ஒன்றுதான் என்று மனைவியிடம் சொன்னேன். இல்லாததா என்று கேட்டாள்.

பரிசல் ஓட்டுவது கண்ணுக்கு ரொம்பச் சுலபம். ஒரே துடுப்பு. முன்பக்கம் குத்தவைத்து உட்கார்ந்து, தண்ணீரைத் தன்னைப் பார்த்து இழுக்க வேண்டும். இந்தப் பக்கம் ஓர் இழுப்பு, அந்தப் பக்கம் ஓர் இழுப்பு. நான் படித்தவன் அல்லவா, பக்கவாட்டில் போட்டுப் பின்னால் தள்ளினேன். வட்டத்துக்கு முன்னும் கிடையாது, பின்னும் கிடையாது. ஓரத்தில் தள்ளினால் அதற்குத் தெரிந்த ஒரே வேலையை அது செய்தது. கரை போனது, மலை வந்தது, அண்ணன் போனார், திரும்பக் கரை வந்தது. அணையில் தண்ணீர் குறைந்து நந்தியின் தலை வெளியே தெரிந்த சமயம். வேண்டாமலே பல பிரதட்சணம் செய்தேன். கோயிலுக்குச் சரியாகப் போவதில்லை என்று என் அம்மாவுக்கு இருந்த குறை தீர்ந்திருக்கும்.

"தண்ணிய உங்க பக்கம் இழுங்க சார், தள்ளாதீங்க" என்று அண்ணன் சொல்லிச் சொல்லிப் பார்த்தார். கடைசியில் துடுப்பை வாங்கிக்கொண்டு, "நீங்க நடுவுல அசையாம உக்காருங்க" என்றார். அசையாமல் உட்கார்ந்தேன். பரிசல் நேராகப் போனது. நடுவில் பாரம் இருந்தால் பரிசல் அலம்பாது, அதிலும் நல்ல பாரம் கிடைத்திருக்கிறது என்றார். இத்தனை மாதத்தில் என் எடை ஒரு படகுக்கு உபயோகப்பட்டது அன்றுதான்.

பரிசலை வீட்டுக்குக் கொண்டுவரவில்லை. நிமிர்த்திப் பிடித்தால் வாசற்கதவில் நுழைந்துவிடும் என்று டேப் சொன்னது, மனைவி வேறு சொன்னாள். அது அண்ணன் வீட்டு வாசலில்தான் கவிழ்ந்துகிடக்கிறது. கிடக்கிறது என்பதுகூடத் தப்பு. தார் காய்ந்து வெடிக்காமல் இருக்க அடிக்கடி தண்ணீரில் இறக்குவது நல்லது என்று அவர் தினமும் வலை விடப் போகிறார். நான் போகிற ஞாயிற்றுக்கிழமைகளில் என் பரிசலில், அவர் ஓட்ட, நடுவில் உட்கார்ந்து ஒரு சுற்று வருவேன். இறங்கும்போது அதில் பிடித்த மீனைக் காசு கொடுத்து வாங்கிக்கொண்டு வருவேன். தெரிந்தவர் என்பதால் விலை குறைப்பதில்லை.

லைஃப் ஜாக்கெட் வாங்கினேன், அதையாவது உருப்படியாகச் செய்தேன். பட்டையைக் கடைசி ஓட்டை வரை தளர்த்தியும் முன்பக்கம் இரண்டு விரல்கடை சேரவில்லை. எக்ஸ்எல் வேண்டும் என்று கடைப் பையனிடம் சொன்னேன். "நீங்க எக்ஸ்எல்தான் போட்டிருக்கீங்க சார்" என்றான்.

பண்ணவாடியிலிருந்து திரும்பி வருகிற வழியில் ஒரு சின்னக் குளம். அதில் ஒருவர் லாரி டியூப் மேல் குறுக்காக ஒரு பலகையைப் போட்டு உட்கார்ந்து, காலையே துடுப்பாக அசைத்துக்கொண்டு, சாவகாசமாக வலை எடுத்துக்கொண்டிருந்தார். செலவு என்று பார்த்தால் பழைய டியூப்பும் ஒட்டுப் போட்ட காசும்தான். டியூப்பைத் தோளில் மாட்டிக்கொண்டு சைக்கிளில் வந்திருந்தார். பை நிறைய ஜிலேபி. முள் குத்தாதா என்று கேட்டேன். "மீன யாருங்க டியூப் மேல போடுவா? பையிலதான் போடணும்" என்றார்.

காற்றடைத்த படகு இப்போது மொட்டை மாடியில் இருக்கிறது. மூன்றில் இரண்டு அறைகளில் காற்று நிற்கிறது. மாமியார் அதில் வேட்டித்துணி விரித்து வடகம் காயப்போடுகிறார். "ஓரம் ஒசரமா இருக்குது மாப்ள, காத்துக்குப் பறக்கறதில்ல" என்று அந்தப் படகைப் பற்றி இதுவரை ஒருவரும் சொல்லாத நல்ல வார்த்தையைச் சொன்னார்.

இப்படியாக எல்லாம் ஓய்ந்திருந்த நேரத்தில் போன வாரம் ஒரு போன். எப்போதோ நான் விசாரித்து நம்பர் கொடுத்துவைத்த செகண்ட் ஹேண்ட் பார்ட்டி. "சார், ஒரு ஃபைபர் கனோ வந்திருக்கு. பதினேழு கிலோதான். ஒரே ஆளு தூக்கிடலாம், நல்ல அகலம். தாங்கறதுதான் கொஞ்சம் கணக்குப் பாக்கணும். உங்க வெயிட் எவ்ளோ சார்?"

ஹாலில் மனைவி இருந்தாள். பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, எட்டு கிலோ குறைத்துச் சொன்னேன்.